நம் வாசலுக்கு வரும் குப்பை வண்டி

குப்பை என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் ஒரு காலத்தில் எரு என்றுதான் பொருள். "குப்பை அடிச்சாச்சா?" என்று ஒரு விவசாயி இன்னொருவரைக் கேட்டால், வீட்டின் பின்புறம் சேர்த்து வைத்த எருவை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோயாயிற்றா என்று அவர் கேட்பதாகப் புரிந்துகொள்வார்கள். சாணம், அடுப்புச் சாம்பல், தொழுவத்தில் கூட்டிய வைக்கோல், காய்கறித் தோல், வாழை மட்டை எல்லாம் அந்த ஒரே குழிக்குத்தான் போயின. மழைக்கு முன் குழியைத் தோண்டினால் கறுப்பு மண் வரும். ஊராட்சி வந்து அள்ளிக்கொண்டு போக அங்கே எதுவும் இல்லை.

இன்று அதே குழியைத் தோண்டிப் பாருங்கள். பால் கவர், ஷாம்பு பாக்கெட், பிஸ்கெட் உறை, மாத்திரை அட்டை, குழந்தையின் டயப்பர், தெர்மாகோல் துண்டு, பத்து வருடத்துக்கு முன் போட்ட மஞ்சள் நிறப் பை. பை மட்டும் அப்படியே இருக்கும். மாடும் இல்லை, வண்டியும் இல்லை. குழி இருந்த இடத்தில் வீடு கட்டியாயிற்று. பழக்கம் மட்டும் மாறவில்லை: வேண்டாததை வீட்டுக்குப் பின்னால் போடுகிறோம், அல்லது ஓடைக்கரையில் கொட்டுகிறோம், அல்லது மாலையில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறோம். எரு உண்டாக்கிய பழக்கம் இப்போது நஞ்சை உண்டாக்குகிறது.

இந்த மாற்றத்தைச் சட்டமும் தாமதமாகத்தான் கவனித்தது. வீட்டுக் குப்பை பற்றி நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகள் நகராட்சிகளுக்கானவை. அவற்றுக்குப் பதிலாக 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் பரப்பைக் கொஞ்சம் விரித்தன. நகரை ஒட்டி வளர்ந்த பகுதிகளையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நகரம்' என்று குறிக்கப்பட்ட ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டன. சாதாரணக் கிராமம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே 2016-இல் வந்த நெகிழிக் கழிவு விதிகள், பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை கிராம ஊராட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லிவிட்டன. பிளாஸ்டிக் கிராமத்துக்கு வந்து சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைப் பற்றிய விதி வந்தது என்பதை நாம் குறையாகச் சொல்லவில்லை, உள்ளபடி சொல்கிறோம்.

நம் மாநிலத்தில் ஊராட்சிக்கு இந்தக் கடமை புதிதல்ல. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110-ஆவது பிரிவில், தெருக்களைச் சுத்தம் செய்வதையும் குப்பைக் குவியல்களை அகற்றுவதையும் கிராம ஊராட்சியின் கட்டாயப் பணிகளுக்குள் வைத்திருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்கு ஓடுகிறோம் அல்லவா? குப்பை அகற்றப்படாததும் அதே வரிசையில் நிற்கும் கடமைதான். ஆனால் தெருவிளக்குக்குக் கேட்பதுபோல் நாம் குப்பைக்குக் கேட்பதில்லை.

வீடு வீடாகச் சென்று குப்பை வாங்கும் முறை தமிழகக் கிராமங்களில் பரவலாக வந்தது 2014-15-க்குப் பிறகு. அன்றைய மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியாக, ஏறத்தாழ 150 குடும்பங்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் 'தூய்மைக் காவலர்' என்ற பெயரில் ஆட்கள் அமர்த்தப்பட்டனர். மாநிலம் முழுதும் 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள். தள்ளுவண்டியோ மூன்று சக்கர மிதிவண்டியோ, இப்போது பல ஊர்களில் பேட்டரி வண்டியோ அவர்கள் கையில் இருக்கிறது. வண்டியில் மக்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மக்காத குப்பைக்கு ஒரு தொட்டி. காலையில் தெருவுக்குள் வந்து விசில் ஊதுவார்கள். வாங்கியதை ஊராட்சியின் தரம் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோய், மக்குவதை உரக்குழியிலோ மண்புழு உரத் தொட்டியிலோ போட வேண்டும், மக்காததை வகை வகையாகப் பிரித்து மூட்டை கட்ட வேண்டும். திட்டம் இவ்வளவுதான். கேட்பதற்கு மிக எளிது.

அந்த எளிமை உடைவது நம் வாசலில்தான். ஒரு பங்கின் அன்பியக் கூட்டத்தில் ஒரு தூய்மைக் காவலரை அழைத்துப் பேசச் சொன்னோம். முதலில் அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு, கூட்டத்தில் இருந்த பாட்டி ஒருவர், "நீ சொல்லும்மா, எங்களுக்குத் தெரியாதுல்ல" என்றதும், தன் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நடுவில் நீளமாக ஒரு தழும்பு. சாம்பார் சாதம் ஊறிய ஒரு கவருக்குள் உடைந்த டியூப்லைட். "அக்கா, கவரை அவுத்துக் கொட்டித்தான் பிரிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதன்பிறகு அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆம், பிரிக்காமல் கொடுக்கப்பட்ட குப்பை பிரிக்கப்படாமல் போவதில்லை. அதை யாரோ பிரிக்கிறார்கள். நாம் இரண்டு கூடை வைத்து அரை நிமிடத்தில் செய்யக்கூடியதை, அவர் 150 வீட்டுக்கும் சேர்த்து, அழுகியபின், கையால் செய்கிறார். அல்லது செய்ய இயலாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார். அப்படிக் கொட்டினால் நாம் அவரைக் குறை சொல்கிறோம்.

அவருக்குக் கிடைப்பது என்ன? மாதம் 3,600 ரூபாயாக இருந்த மதிப்பூதியம் பின்னர் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 170 ரூபாய்கூட வரவில்லை. கொத்தனாருக்கு உதவியாகச் சித்தாள் வேலைக்குப் போகிறவர் இதைப்போலப் பல மடங்கு வாங்குகிறார். 'ஊதியம்' என்று சொல்லாமல் 'மதிப்பூதியம்' என்று சொல்வதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊதியம் என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பேசும். இதுவும் சில இடங்களில் மாதம் தள்ளித்தான் கைக்கு வருகிறது என்று அவர்களே நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற இணைச்சட்ட நூலின் கட்டளையை நாம் வாசகமாகக் கேட்டிருக்கிறோம். அது ஏதோ பழங்காலத் திராட்சைத் தோட்டத்துக்கு மட்டும் என்று எண்ணிக்கொண்டால் என்ன செய்வது?

சரி, வீட்டில் பிரிப்பது எப்படி? மக்குவது, மக்காதது என்ற இரண்டு போதும் என்றுதான் இதுவரை சொல்லி வந்தோம். 2026 சனவரியில் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய திடக்கழிவு விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் - டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, பெயிண்ட் டப்பா, பல்பு, காலாவதி மருந்து போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு ஆகிய நான்கு. நான்கு தொட்டியா என்று மலைக்க வேண்டாம். முதல் இரண்டுக்குத்தான் தினமும் கூடை வேண்டும். மூன்றாவதைப் பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தனியே கொடுத்தால் வாங்குகிறவர் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார். நான்காவதை ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்தால் நிறைய மாதமாகலாம். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் ஊசியையும் மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு, 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். அந்த உள்ளங்கைத் தழும்பு அத்தோடு முடியும்.

ஈரக் குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. கொஞ்சம் இடமுள்ள வீட்டில் அதை வண்டிக்குக் கொடுக்கவே தேவையில்லை. பின்புறம் ஒரு குழியோ, அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் டிரம்மோ போதும். காய்கறிக் கழிவின்மேல் காய்ந்த இலையோ மண்ணோ ஒரு கை தூவி வந்தால் நாற்றம் வராது. இரண்டு மூன்று மாதத்தில் முருங்கைக்கும் தென்னைக்கும் போட உரம் ஆகிவிடும். நம் பாட்டிமார் செய்ததுதான், பிளாஸ்டிக் கலக்காமல் செய்ய வேண்டும், அவ்வளவே.

எரிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதைச் சுத்தம் என்றே நினைக்கிறோம். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிக்கும்போது, அதிலும் பி.வி.சி. குழாய், வயர், ரெக்சின் போன்றவை சேர்ந்து எரியும்போது, டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. அது புகையோடு போய்விடுவதில்லை. சாம்பலிலும் மண்ணிலும் படிந்து, புல்லின் வழியாக மாட்டுக்கும், பாலின் வழியாக நமக்கும் வருகிறது. எரிக்காமல் விட்டதை மாடு தின்கிறது. தேங்காய்ச் சிரட்டையிலும் தேநீர்க் கோப்பையிலும் மழைநீர் தங்கினால் டெங்கு கொசு முட்டையிடுகிறது. ஆகவே வண்டி வராத தெருக்காரர்கள் "நாங்க என்னதான் பண்றது?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. தாய்க்கிராமத்துக்கு வண்டி வருகிறது, இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள குக்கிராமத்துக்கு வருவதில்லை. மிதிவண்டி அவ்வளவு தூரம் ஏறாது. கடற்கரையோரக் குடியிருப்புகளில் மணலில் சக்கரம் புதையும். நம் பங்குகளின் கிளைக் கிராமங்கள் பலவும் இப்படிப்பட்டவைதான்.

2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டப்பட்டபோது நாம் எல்லோரும் கொதித்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளம் அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றது. கோபம் சரிதான். ஆனால் நம் ஓடைக்கரையில் கிடப்பது எந்த எல்லையையும் தாண்டி வந்ததல்ல. அதே கேரளத்தில் 'ஹரித கர்ம சேனை' என்ற பெண்கள் குழுவினர் வீடு வீடாகச் சென்று, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். கிராம ஊராட்சிகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் கட்டணம். கட்டணம் சரியா தவறா என்பதில் நமக்குள்ளே இரண்டு கருத்து உண்டு. கழுவிக் காயவைத்துக் கொடுப்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

ஏன் கழுவ வேண்டும்? வாசலைத் தாண்டியபின் குப்பை எங்கே போகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். பாட்டில், பால் கவர், அட்டை, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றைக் காயலான் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். அவர் தொடாதது சிப்ஸ் பாக்கெட், சாஷே போன்ற பளபளக்கும் உறைகள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்காக ஒட்டியிருப்பதால் அவற்றை உருக்கி மறுபடி பயன்படுத்துவது கடினம். அவை சிமெண்டு ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். மெல்லிய பைகளைச் சாலைக்குப் பயன்படுத்தும் வழியை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்டுபிடித்தார், 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. துருவிய பிளாஸ்டிக்கை 160 டிகிரிக்கு மேல் சூடான சல்லியில் தூவினால் அது கல்லின்மேல் பூச்சாக ஒட்டிக்கொள்கிறது, அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கிறது. தமிழகத்தின் ஊரகச் சாலைகள் பல இவ்வாறு போடப்பட்டவை. ஆனால் குழம்பும் மண்ணும் ஒட்டிய ஈரப் பிளாஸ்டிக்கைத் துருவும் இயந்திரத்தில் போட முடியாது. நாம் ஒரு முறை தண்ணீரில் அலசியிருந்தால் சாலையாகியிருக்கும் பொருள், அலசாததால் கூடத்தின் பின்புறம் மலையாகக் கிடக்கிறது.

எல்லாப் பழியையும் வீடுகளின்மேல் போடுவதும் நேர்மையாகாது. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு 2020-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் திடக்கழிவுப் பணிக்காகத் தலைக்கு 60 ரூபாய் வரையும், அதற்கு மேற்பட்ட ஊருக்குத் தலைக்கு 45 ரூபாய் வரையும் ஒதுக்க வழி செய்தது. 3,000 பேர் வாழும் ஊருக்கு 1,80,000 ரூபாய். இதில் வண்டியும் வாங்க வேண்டும், கூடமும் கட்ட வேண்டும், உரக்குழியும் தோண்ட வேண்டும். பிளாஸ்டிக்கைத் துருவி மூட்டை கட்டும் மையத்துக்கு ஒன்றியத்துக்கு 16 இலட்சம் வரை. இவை ஒருமுறை தரும் பணம். வண்டியின் பேட்டரி செத்துப்போனால் மாற்றவும், கையுறை கிழிந்தால் வேறு வாங்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. அந்தப் பணம் நம் ஊருக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது? பூட்டிக் கிடக்கும் கூடங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. கட்டடம் கட்ட ஒப்பந்தக்காரர் கிடைக்கிறார். அதை நடத்த ஆள் கிடைப்பதில்லை.

கேட்கும் இடம் கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்கள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1-உம் சேர்ந்து 2022-இல் ஆறாயின. பெரும்பாலான மாவட்டங்களில் 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. அங்கே போய் "ஊர் நாறுகிறது" என்று கத்தினால் "கவனிக்கிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். நம் ஊராட்சிக்கு எத்தனை தூய்மைக் காவலர்கள், எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வண்டி, கடந்த மாத மதிப்பூதியம் கொடுக்கப்பட்டதா, கையுறையும் காலணியும் கடைசியாக எப்போது வழங்கப்பட்டன, தயாரான உரம் எத்தனை கிலோ, யாருக்குப் போனது, சேர்ந்த பிளாஸ்டிக் எந்த மையத்துக்கு அனுப்பப்பட்டது என்று எண்ணைக் கேளுங்கள். குக்கிராமத்துக்கு வாரம் இருமுறையாவது வண்டி வர வேண்டும் என்பதைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். பங்கிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து போனால் இதைச் செய்ய முடியும். சாதி, சமயம் பார்க்காத கோரிக்கை இது என்பதால் ஊரார் எல்லோரும் கூடவே நிற்பார்கள்.

இனி நம் ஆலயத்தின் பக்கம் வருவோம். ஓர் ஊரின் ஓராண்டுக் குப்பையில் திருவிழா நாள்களின் பங்கு சிறிதல்ல. தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்த 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களில், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் கோப்பையும் தண்ணீர்ப் பாக்கெட்டும் மட்டுமல்ல, பிளாஸ்டிக் கொடிகளும் இருக்கின்றன. கொடியேற்றத்துக்கு முன் தெருவெங்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறோமே, அவைதான். தேர்பவனி முடிந்து ஒரு மாதம் கழித்தும் மின்கம்பத்தில் அவை கிழிந்து தொங்குவதை எல்லோரும் பார்க்கிறோம். துணித் தோரணம் ஒருமுறை தைத்தால் பல ஆண்டுக்கு வரும். அசனத்துக்கு வாழை இலை இட முடியாது, கூட்டம் அதிகம் என்பார்கள். கூட்டம் அதிகம் என்பதால்தான் அதிகமாய்ச் சிந்திக்க வேண்டியிருக்கிறது. எவர்சில்வர் தட்டுகளைப் பங்கின் சொத்தாக வாங்கி வைத்து, கழுவும் பொறுப்பை அன்பியங்களுக்குப் பிரித்துக்கொடுத்த பங்குகள் உண்டு. கல்லறைத் திருநாளுக்குப் பிறகு கல்லறைத் தோட்டத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் மாலைகளை யார் எடுப்பது என்பதையும் பங்குப் பேரவை முன்கூட்டியே பேச வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 211-ஆவது பத்தியில், குப்பையைப் பிரித்து வைப்பதும் உண்ணக்கூடிய அளவே சமைப்பதும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. உலகத் திருஅவையின் ஆவணத்தில் நம் அடுக்களைக் கூடைக்கும் அசனப் பந்திக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்பதைப் பலர் கவனித்ததில்லை.

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துகிறவர்கள் மூன்று வேலை நாள்களுக்கு முன்னரே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. அது நம் கிராமத்துக்குச் சட்டப்படி பொருந்துமா என்று வாதாடத் தேவையில்லை. திருவிழா ஞாயிறு என்றால், திங்கள் காலையில் வருகிற தூய்மைக் காவலர் 150 வீட்டுக் குப்பையோடு நம் அசனக் குப்பையையும் சேர்த்து அள்ள வேண்டியிருக்கும். ஊராட்சி செயலரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, கூடுதலாக ஒரு வண்டி கேளுங்கள். அன்றைய கூடுதல் வேலைக்கான கூலியைத் திருவிழா வரவு-செலவுத் திட்டத்தில், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதுவதுபோல, தனி வரியாக எழுதி அன்று மாலையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.